அரை இஞ்சுக் குழாயில் ஒரு விருந்தாளி

இந்தக் காலத்தில் ஒரு மனுஷன் இன்னொருத்தன் வீட்டுப் படியேறினால், தண்ணீர் குடிக்கிறாயா என்று கேட்க ஆளில்லை. வந்தவன் தானாகவே பையிலிருந்து பாட்டிலை எடுத்துக் குடித்துக்கொள்ள வேண்டும். குடித்துவிட்டு மூடியைத் திருகும்போதாவது வீட்டுக்காரன் தலை நிமிர்வானா என்றால் அதுவும் கிடையாது. அவன் கண்ணெல்லாம் கையிலிருக்கும் போனில். அதே வீட்டுக்காரன் கொல்லைப்புறத்தில் குருவிக்கு மட்டும் கிண்ணம் வைத்து, தினமும் பழைய தண்ணீரைக் கொட்டிப் புதுத் தண்ணீர் ஊற்றி, அது வருமா வராதா என்று வழி பார்த்தபடி உட்கார்ந்திருப்பான்.

குழாய்க்காரர் இதைச் சொன்னது சொந்த மருமகனைப் பற்றித்தான். சொன்னதும் மருமகனிடமேதான்.

"வராதவனுக்கெல்லாம் பந்தி விரிச்சு வச்சிருக்கீங்க மாப்பிள்ளை. நாலு மாசமாச்சு."

"பறவைங்க முதல்ல நம்மளை நம்பணும் மாமா. அதுக்குக் காலம் ஆகும்."

"நானே உங்களை நம்ப ரெண்டு வருஷம் ஆச்சு. அதுங்களுக்கு என்ன தலையெழுத்து."

உள்ளேயிருந்து மகள், "அப்பா, காலையிலேயே ஆரம்பிக்காதீங்க," என்றாள்.

குழாய்க்காரர் வேலையை விட்டு எட்டு வருடம் ஆகிறது. மகள் வீட்டுக்கு வந்து சேர்ந்து நாலு வருடம். பள்ளிக்கூடத்தில் நாலாம் வகுப்பைத் தாண்டவில்லை. மற்றதெல்லாம் அடுத்தவர் வீட்டுக் குளியலறைகளில் கற்றது. கூடத்தில் எவ்வளவு பெரிய விளக்கு தொங்கினாலும், பாத்திரம் கழுவும் தொட்டிக்குக் கீழே குனிந்து பார்த்தால்தான் ஒரு வீட்டின் லட்சணம் தெரியும் என்பது அவர் படித்த படிப்பு. அதனால் எதையும் மேலாகப் பார்த்து நம்புவதில்லை. மருந்துச் சீட்டை நம்புவதில்லை, மழை வரும் என்று டிவியில் சொன்னால் நம்புவதில்லை, 'அஞ்சு நிமிஷத்தில் வந்துடுறேன்' என்பவனை அறவே நம்புவதில்லை. அவரே நாற்பது வருடம் அப்படிச் சொன்னவர்.

மருமகனுக்குக் காப்பீட்டு அலுவலகத்தில் வேலை. நசுங்கின வண்டி, எரிந்துபோன கடை என்று ஆட்கள் அனுப்புகிற போட்டோக்களை நாள் முழுக்கப் பெரிதாக்கிப் பார்த்து, எது நிஜம், எது ஜோடனை என்று கண்டுபிடிக்கிற உத்தியோகம். மகள் ஒரு பல் ஆஸ்பத்திரியின் வாசல் மேசையில் உட்கார்ந்து, வருகிறவர்களின் பெயரை எழுதி, பயந்தவர்களைச் சமாதானப்படுத்தி உள்ளே அனுப்புகிறாள். அந்தப் பல் டாக்டரம்மாதான் ஊரிலுள்ள பறவைக் குழுவுக்குத் தலைவி. ஒருநாள் சாயங்காலம் மனைவியைக் கூட்டிவரப் போன மருமகன், காத்திருந்த நேரத்தில் சுவரிலிருந்த பறவைப் படங்களைப் பார்த்து இரண்டு கேள்வி கேட்டுவைத்தார். அதோடு பிடித்துக்கொண்டது. பல் பிடுங்கப் போனவன்கூட ஒரு மணி நேரத்தில் எழுந்து வந்துவிடுவான், இவர் இன்னும் அந்த நாற்காலியை விட்டு எழுந்திருக்கவில்லை என்பார் குழாய்க்காரர்.

கொல்லைப்புறம் சமையலறை ஜன்னலுக்குப் பின்னால் இருந்தது. எட்டு வைத்து நடந்தால் நீளத்துக்குப் பத்து, அகலத்துக்கு ஆறு. ஒரு கொய்யா மரம், துணிக்கொடி, துவைகல், மதில் மூலையில் ஒரு குழாய். இதற்கு நடுவில் மருமகன் ஒரு சொர்க்கத்தைக் கட்டியிருந்தார். கிளையில் தொங்கவிட்ட தீனிக் குப்பியை ஓர் அணில் தலைகீழாகத் தொங்கித் தின்று தின்று தொப்பை போட்டது. வட்ட வாசல் வைத்த மரக்கூட்டில் ஒரு பல்லி குடும்பத்தோடு குடியேறியது. நடுநாயகமாக, இடுப்பு உயரத் தூணின் மேல், நீலப் பளபளப்போடு ஒரு பீங்கான் கிண்ணம். அதற்குள் கடையில் வாங்கிய கூழாங்கல். கூழாங்கல்லைக் கடையில் வாங்குகிற மனிதரைக் குழாய்க்காரர் தன் ஆயுளில் அன்றுதான் பார்த்தார். அந்தக் கிண்ணத்துக்கு வந்த ஒரே விருந்தாளி ஒரு காக்கை. எங்கிருந்தோ தூக்கிவந்த எலும்பை அதில் ஊறப்போட்டுவிட்டு, ஊறியதும் எடுத்துக்கொண்டு போனது. மருமகன் அதையும் நோட்டில் தேதி போட்டு எழுதிக்கொண்டார்.

அந்த மூலைக்குழாய்தான் குழாய்க்காரருக்கு இருந்த ஒரே தலைகுனிவு. ஐந்து மாதமாக அது ஒழுகியது. கொட்டவில்லை. ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணினால் ஒரு சொட்டு. மறுபடி மூன்று எண்ணினால் இன்னொரு சொட்டு. கீழே சிமெண்டு பெயர்ந்த இடத்தில் ஒரு தட்டளவு தண்ணீர் எப்போதும் தேங்கி நின்றது. ஊர் வீட்டு ஒழுகலையெல்லாம் அடைத்தவர் வீட்டுக் குழாய் இப்படி என்றால் பார்க்கிறவன் என்ன நினைப்பான்.

"அப்பா, அந்தக் குழாயைக் கொஞ்சம் பாருங்களேன்," என்பாள் மகள்.

"வாஷர் வாங்கணும்."

"போன மாசமும் இதைத்தான் சொன்னீங்க."

"போன மாசமும் வாங்கத்தான் வேண்டியிருந்துச்சு."

வாஷர் அவருடைய தகரப்பெட்டியில் ஒரு டப்பா நிறையக் கிடந்தது. இல்லாமல் போனது கையில் பிடி. இரண்டு வருடமாக வலதுகை விரல்கள் சொன்ன பேச்சைக் கேட்பதில்லை. டம்ளரைப் பிடிக்கும், சட்டைப் பொத்தானைப் போடும், ரெஞ்சைப் பிடித்துத் திருகச் சொன்னால் மட்டும் நடுங்கிக்கொண்டு விட்டுவிடும். ஒருநாள் வீட்டில் யாரும் இல்லாத நேரம் பார்த்து முயன்றார். குழாயின் தலை அசையவில்லை. ரெஞ்சுதான் வழுக்கி, விரல் முட்டித் தோலை உரித்துக்கொண்டு போனது. மதிலில் உரசிக்கொண்டேன் என்று மகளிடம் சொல்லிவிட்டார்.

ஒரு வழி இருந்தது. ரெஞ்சின் கைப்பிடியில் ஒரு முழ நீளத்துக்கு இரும்புக்குழாயைச் செருகி, அதன் நுனியில் உடம்பின் பாரத்தைப் போட்டால் எப்பேர்ப்பட்ட மரையும் இளகும். பெரிய தொட்டிகளுக்குப் போகிற தடித்த குழாய்களுக்கு அப்படிச் செய்வதுண்டு. அதற்கு நெம்புகுழாய் என்று பெயர். ஆனால் இது சின்ன அரை இஞ்சுக் குழாய். "அரை இஞ்சுக்கு நெம்புகுழாய் போடுறவன் வேற தொழில் பாக்கலாம்" என்று நாற்பது வருடம் போகிற இடமெல்லாம் மற்றவர்களை ஏளனம் பண்ணியவர் அவர். சோறு தின்னும் நேரத்தில்கூட அவர் சொல்வதைக் கேட்டுக் கேட்டு, மகள் சின்ன வயதிலேயே அவர் குரலில் அதைத் திருப்பிச் சொல்லிக் காட்டுவாள். அந்த வாயை வைத்துக்கொண்டு இப்போது எப்படி அதைக் கையில் எடுப்பது. குழாய் ஒழுகிக்கொண்டே இருந்தது.

அப்படி ஒழுகிக்கொண்டிருந்தபோதுதான் அது வந்தது.

காலை எட்டு மணி இருக்கும். மருமகன் சமையலறையில் டீ ஆற்றிக்கொண்டிருந்தார். ஜன்னல் பக்கம் திரும்பியவர், டம்ளரைத் தொட்டிக்குள் போட்டுவிட்டுச் சுவரோடு சுவராக ஒட்டிக்கொண்டார். ஒரு கை மட்டும் காற்றில் போனைத் தேடியது.

குழாய்க்காரர் எட்டிப் பார்த்தார். சுண்ணாம்பு வெள்ளையில் ஒரு குருவி. தலை மட்டும் கறுப்பு, அதில் ஒரு கொண்டை வேறு. வால் உடம்பைப்போல இரண்டு மடங்கு நீளம். கசியாமலிருக்க மரையில் சுற்றுகிற வெள்ளை டேப்பை யாரோ வாலில் கட்டி, அறுக்க மறந்து விட்டுவிட்டதுபோல அது பின்னால் தொங்கியது. குழாயின் மேல் உட்கார்ந்து தலையைக் கவிழ்த்து, வாயில் திரண்ட சொட்டை அது விழுவதற்குள் கொத்திக் குடித்தது. பிறகு துணிக்கொடிக்குப் போய், அங்கிருந்து தேங்கின தண்ணீரில் தலைகுப்புற விழுந்து எழுந்தது. உடம்பு கொடிக்குத் திரும்பிப் போய் உட்கார்ந்த பிறகுதான் வால் வந்து சேர்ந்தது.

"அரசவால் ஈபிடிப்பான் மாமா." மருமகனுக்குக் குரல் வரவில்லை, காற்றுதான் வந்தது.

"என்ன பிடிப்பான்?"

"ஈ."

"ஈ பிடிக்கிற வேலைக்கு இவ்வளவு நீள வாலா. ஆபீஸ்ல கழுத்துக்கு டை கட்டிட்டு உக்காந்திருக்கிற கதையா இருக்கு."

"மெதுவா பேசுங்க மாமா, கேட்டுடும்."

"கேட்கட்டும். நம்ம தண்ணிதானே குடிக்குது."

குருவி ஒரு குரல் கொடுத்தது. கிரீஸ் காணாத வால்வைத் திறந்தமாதிரி இருந்தது. அழகை எல்லாம் வாலுக்குச் செலவழித்துவிட்டால் குரலுக்கு எங்கே மிஞ்சும் என்று குழாய்க்காரர் நினைத்துக்கொண்டார். மறுநாளும் அதே நேரத்துக்கு வந்தது. மூன்றாம் நாள் எட்டு மணிக்குக் குழாய்க்காரரும் சமையலறையில் இருந்தார், உப்பு டப்பாவைத் தேடுவதாகச் சொன்னார். நாலாம் நாளும் தேடினார்.

மருமகன் எடுத்த போட்டோவில் குருவி நடுவில் பறந்தது. வலது ஓரத்தில் நீலக் கிண்ணம் தெரிந்தது. இடது ஓரத்தில் துரு ஏறின குழாயும் பாசி பிடித்த மதிலும் தெரிந்தன. காப்பீட்டு அலுவலகக் கை அல்லவா, அந்த இடது ஓரத்தை மட்டும் பதமாக வெட்டிவிட்டு, 'எங்கள் வீட்டுக் கிண்ணத்துக்கு வந்த அரசவால்' என்று எழுதிக் குழுவுக்கு அனுப்பினார். சாயங்காலத்துக்குள் ஊரே கைதட்டியது. டாக்டரம்மா ஞாயிற்றுக்கிழமை காலை ஆட்களோடு நேரில் வருவதாகச் செய்தி அனுப்பினார்.

வீடு தலைகீழானது. ஜன்னல் துடைத்தார்கள், துணிக்கொடியிலிருந்த பழைய துணியை எல்லாம் உருவினார்கள். கடைசியில் குழாயிடம் வந்து நின்றார்கள்.

"ஆஸ்பத்திரி வாஷ்பேசின் மேலேயே போர்டு மாட்டி வச்சிருக்காங்கப்பா, பல்லு விளக்கும்போது குழாயை மூடுங்கன்னு," என்றாள் மகள். "அவங்க வர்ற நேரம் இது ஒழுகிட்டு நின்னா, மறுநாள் நான் எந்த முகத்தோட போய் அந்த மேசையில உக்காருவேன்."

"சனிக்கிழமை வரைக்கும் பாக்கலாம் மாமா," என்றார் மருமகன். "முடியலைன்னா போன்ல தட்டினா போதும், ஒரு மணி நேரத்துல ஆள் வந்துடும். சட்டையில கம்பெனி பேரெல்லாம் போட்டு டீசன்டா வருவாங்க."

குழாய்க்காரரின் வீட்டுக்கு வேறொரு குழாய்க்காரன். அதுவும் சட்டையில் பேர் போட்டவன். அவன் குனிந்து பார்த்துவிட்டு, 'யார் சார் இதை இப்படி விட்டது' என்று கேட்பான். அவரே அப்படி ஆயிரம் வீட்டில் கேட்டிருக்கிறார்.

"ஆளும் வேண்டாம், ஒண்ணும் வேண்டாம். நான் பாத்துக்கறேன்," என்றார். அப்புறம் மனசு கேட்காமல், "ஆனா ஒண்ணு மாப்பிள்ளை. குழாய் நின்னா அந்த நாடா வால் குருவியும் நின்னுடும். அது சொட்டுக்குத்தான் வருது," என்றார்.

மருமகன் சிரித்தார். "அது கிண்ணத்துக்கு வருது மாமா. புத்தகத்துலயே போட்டிருக்கு, இடுப்பு உயரம், ஆழம் குறைச்சல், அடியில கூழாங்கல்."

"புத்தகத்தை அது படிச்சிருந்தா சரி."

சனிக்கிழமை இருவரும் வேலைக்குப் போனதும், கொல்லைக் கதவைச் சாத்திக்கொண்டு, மதிலுக்கு அந்தப்பக்கம் யாராவது தெரிகிறார்களா என்று ஒரு தடவை பார்த்துக்கொண்டு, நெம்புகுழாயை எடுத்தார். தண்ணீர் வரும் வால்வை மூடினார். ரெஞ்சை இடதுகையால் கவ்வ வைத்து, நெம்புகுழாயின் நுனியில் முழங்கையை ஊன்றி உடம்பைச் சாய்த்தார். பத்து நிமிட வேலைக்கு ஒரு மணி நேரம் ஆனது. வெளியே வந்த பழைய வாஷரில் ஒரு ஓரம் எலி கடித்ததுபோலத் தேய்ந்து போயிருந்தது. அதைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு புதியதை வைத்து இறுக்கினார். நூறு வரைக்கும் எண்ணிப் பார்த்தார். ஒரு சொட்டு இல்லை.

"பாத்தீங்களா, எங்கப்பா கை வச்சா எப்படின்னு," என்று சாயங்காலம் மகள் கணவனிடம் சொன்னாள். குழாய்க்காரர் டீயைக் குடித்தார். நெம்புகுழாய் கட்டிலுக்கு அடியில் போயிருந்தது.

ஞாயிற்றுக்கிழமை ஏழரைக்கே நாலு பேர் வந்து இறங்கினார்கள். டாக்டரம்மாவின் கழுத்தில் பைனாகுலர். வாரம் முழுக்க ஊராரை வாயைத் திற, வாயைத் திற என்கிறவர், உள்ளே நுழைந்ததும் எல்லோரையும் வாயை மூடச் சொன்னார். அவருக்குப் பின்னால் டைல்ஸ் கடைக்காரர் ஒருவர், கைக்குழந்தையைத் தூக்குவதுபோல ஒரு கேமராவைத் தூக்கிக்கொண்டு. அதன் குழலைப் பார்த்த குழாய்க்காரர் அந்த நிமிடமே அவருக்குப் பீரங்கி என்று பேர் வைத்துவிட்டார். ஓய்வுபெற்ற தபால்காரர் ஒருவர் பறவைகளின் பட்டியல் எழுத நோட்டோடு வந்தார். அவருடைய மனைவி எதற்கு வந்தாள் என்று அவளுக்கே தெரியவில்லை, ஆனால் வந்தவளாவது குழாய்க்காரரைப் பார்த்து, "உக்காருங்க," என்றாள். அவர் வீட்டிலேயே அவரை உட்காரச் சொன்ன ஒரே ஆள்.

சமையலறை விளக்கை அணைத்து, ஜன்னலில் ஒரு போர்வையைக் கட்டி, அதில் போட்ட நாலைந்து ஓட்டை வழியாகப் பார்த்தார்கள். கடன்காரனுக்குப் பயந்து ஒளிந்த குடும்பம்போல இருந்தது.

எட்டு மணி. கிண்ணத்தில் தண்ணீர் பளபளத்தது. எட்டேகால். அணில் வந்து தன் காலைச் சாப்பாட்டை முடித்துக்கொண்டு போனது. எட்டரைக்குக் காக்கை வந்தது, எலும்போடு. கிண்ணத்தில் போட்டது.

"காகம், ஒண்ணு," என்று தபால்காரர் எழுதினார்.

எட்டே முக்காலுக்குக் கிரீச்சென்று ஒரு சத்தம். போர்வை ஓட்டைகளில் எல்லாம் கண் முளைத்தது. அரசவால் வந்து நேராகக் குழாயின் மேல் உட்கார்ந்தது. தலையைக் கவிழ்த்து வாயைப் பார்த்தது. இந்தப்பக்கம் சாய்த்துப் பார்த்தது, அந்தப்பக்கம் சாய்த்துப் பார்த்தது. கீழே காய்ந்து கிடந்த சிமெண்டைப் பார்த்தது. கிண்ணத்தின் பக்கம் திரும்பக்கூட இல்லை. பீரங்கி குறி பார்ப்பதற்குள் மதிலைத் தாண்டிப் போய்விட்டது.

அதற்குப் பிறகு அரைமணி நேரம் கிண்ணத்தையே பார்த்தார்கள். டாக்டரம்மாதான் ஆரம்பித்தார். குரலில் ஊசி போடுவதற்கு முன்பு வருகிற இனிப்பு.

"அந்தப் படம் இங்க எடுத்ததுதானே?"

"இங்கதான் மேடம். இதே ஜன்னல்தான்," என்றார் மருமகன்.

"இல்ல, கேக்கறேன். போன வருஷம் ஒருத்தர் எங்கேயோ எடுத்த படத்தைத் தன் தோட்டம்னு போட்டாரு. அப்புறம் குழுவிலிருந்தே எடுத்துட்டோம். இப்ப வந்தது கிண்ணத்தைத் திரும்பியே பாக்கலையே."

பீரங்கி போனில் அந்தப் படத்தைப் பெரிதாக்கினார். "ஓரத்துல வெட்டியிருக்கு," என்றார், மெதுவாக, எல்லோர் காதிலும் விழும்படி.

மருமகனுக்கு நெற்றி வேர்த்தது. அடுத்தவன் போட்டோவில் பொய்யைக் கண்டுபிடிக்கிறவர், தன் போட்டோவைப் பற்றிக் கேட்டதும் போர்வையின் முடிச்சைச் சரிபார்த்தார். அவருக்கு வேண்டியதுதான் என்று குழாய்க்காரர் நினைத்தார். நன்றாக வேர்க்கட்டும் என்றுகூட நினைத்தார். ஆனால் பக்கத்தில் மகள் நின்றாள். டீத் தட்டைப் பிடித்தபடி, டாக்டரம்மாவின் முகத்தைப் பார்க்காமல், தட்டிலிருந்த டம்ளர்களை ஒவ்வொன்றாக நேராக்கிக்கொண்டிருந்தாள். நேராக இருந்ததையே மறுபடி நேராக்கினாள். நாளைக் காலை ஒன்பது மணிக்கு இவள் அந்த மேசையில் போய் உட்கார வேண்டும்.

குழாய்க்காரர் எழுந்து தன் அறைக்குப் போனார். தகரப்பெட்டியை எடுத்தார். குனிந்து கட்டிலுக்கு அடியில் கையை விட்டார்.

கொல்லைக் கதவைத் திறந்ததும் பின்னால் பாம்பு சீறுவதுபோல நாலு பேரும் உஸ் உஸ் என்றார்கள்.

"பெரியவரே, வெளியே போகாதீங்க, பறவை பயந்துடும்," என்றார் டாக்டரம்மா.

"அது பயப்படல. தாகமா வந்துட்டு வெறுங்கையோட போயிருக்கு. சொட்டு இருந்தா வரும்."

"அப்படின்னா குழாயை லேசா திறந்து வைங்களேன்," என்றார் பீரங்கி.

"புது ரப்பர். ஒண்ணு ஊத்தும், இல்ல நிக்கும். சொட்டாது. சொட்டறதுக்குத் தேய்ஞ்ச ரப்பர்தான் வேணும்." சட்டைப்பையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். நேற்றுக் கழற்றிய வாஷர் அங்கேயே இருந்தது.

துவைகல்லில் உட்கார்ந்தார். வால்வை மூடினார். ரெஞ்சைக் குழாயின் தலையில் மாட்டினார். போர்வை விலகி, ஜன்னலில் ஐந்தாறு தலை. குருவியைப் பார்க்க வந்த கண்ணெல்லாம் இப்போது அவர் கைமேல். வலதுகை ஆடியது. இடதுகையால் அதைப் பிடித்து நிறுத்தினார். பிறகு நெம்புகுழாயை எடுத்துச் செருகினார். இரும்பில் இரும்பு மோதி டிங்கென்றது.

"அரை இஞ்சுக் குழாய்க்கு இவ்வளவு பெரிய ஆயுதமா," என்று பீரங்கி சிரித்தார். டைல்ஸ் கடையில் நாலு குழாய்க்காரர்களைப் பார்த்திருப்பவர் அல்லவா.

குழாய்க்காரர் திரும்பவில்லை. நாற்பது வருடமாகத் தான் அடுத்தவன் முதுகுக்குப் பின்னால் சொன்னது, தன் முதுகுக்குப் பின்னால் கேட்கும்போது எப்படி இருக்கும் என்று தெரிந்துகொண்டார். நுனியில் முழங்கையை வைத்து அழுத்தினார். நேற்று மகளுக்குப் பெருமையாக இருக்கட்டும் என்று இறுக்கின இறுக்கு இன்று அசைய மறுத்தது. மூச்சை இழுத்து மறுபடி அழுத்தினார். முழங்கை வழுக்கியது.

பக்கத்தில் ஒரு நிழல். மகள் செருப்பில்லாமல் வந்து நின்றாள். நெம்புகுழாயைப் பார்த்தாள், அவர் கையைப் பார்த்தாள். நுனியில் இரண்டு உள்ளங்கையையும் வைத்துத் தன் பாரத்தையும் போட்டாள். மரை முனகிக்கொண்டு இளகியது.

"எப்பலேருந்துப்பா?" என்றாள், குனிந்தபடி.

"என்னது?"

"அப்பா."

"ரெண்டு வருஷம்."

"சொல்லியிருக்கலாம்ல."

"சொன்னா என்ன பண்ணுவ? பல்லு டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போவியா?"

அவள் சிரித்தாள். கண் வேறு எதையோ செய்தது. அவர் அதைப் பார்க்காததுபோலப் பழைய வாஷரை எடுத்து, தேய்ந்து போன ஓரம் கீழ்ப்பக்கம் வருகிறமாதிரி வைத்தார். வைக்கிறபோது விரல் ஆடி, வாஷர் இரண்டு தடவை தரையில் விழுந்தது. இரண்டு தடவையும் அவள்தான் எடுத்துக் கொடுத்தாள். தலையை இருவருமாக இறுக்கி வால்வைத் திறந்ததும் தண்ணீர் பீய்ச்சி அவர் சட்டையெல்லாம் நனைந்தது. கால் சுற்று இறுக்கினார். எண்ணினார். ஐந்துக்கு ஒரு சொட்டு. ஒரு மயிரிழை தளர்த்தினார். ஒன்று, இரண்டு, மூன்று. சொட்டு.

"போதும். வா உள்ளே."

இருபது நிமிடம்கூட ஆகவில்லை. கிரீச்.

அரசவால் குழாயின் மேல் உட்கார்ந்து ஒரு சொட்டைக் கொத்தியது. அடுத்த சொட்டுக்குக் காத்திருந்தது, அதையும் கொத்தியது. பிறகு துணிக்கொடிக்குத் தாவி, சிமெண்டில் புதிதாகத் தேங்கிய தண்ணீரில் விழுந்து எழுந்தது. ஒரு தடவை, இரண்டு தடவை. மூன்றாம் தடவை எழும்போது வெயில் பட்டு, வாலிலிருந்து தெறித்த தண்ணீர் ஒரு கோடாக வளைந்து விழுந்தது. தபால்காரர் எழுத மறந்தார். அவர் மனைவி வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். குழாய்க்காரர் சுவரோரம் ஈரச்சட்டையோடு நின்று அவர்கள் தோளுக்கு மேலாகப் பார்த்தார். கொஞ்ச நேரம் எண்ணுவதை மறந்துவிட்டார். உடனே ஞாபகம் வந்து, மூன்றில் நிற்கிறதா என்று எண்ணத் தொடங்கினார்.

மகள் மட்டும் குருவியைப் பார்க்கவில்லை. அவர் கையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

குருவி போனதும் எல்லோருக்கும் ஒரே நேரத்தில் வாய் வந்தது. "சொட்டுதான்," என்றார் டாக்டரம்மா. "விழற தண்ணிமேல பறவைகளுக்கு ஒரு ஈர்ப்பு உண்டு. சொட்டுச் சத்தத்தைக் கேட்டே வரும். இதை ஆழமா ஆராய்ச்சி பண்ணணும்." சொட்டு என்றால் என்ன என்று குழாய்க்காரருக்கே ஐந்து நிமிடம் விளக்கினார். "ஆனா படத்துல குழாயே இல்லையே."

"வெட்கப்பட்டு ஒதுங்கி நின்னிருக்கும்," என்றார் குழாய்க்காரர். மருமகன் ஜன்னலுக்கு வெளியே எதையோ தேடினார்.

தபால்காரர் நோட்டில் எழுதினார். அரசவால் ஈபிடிப்பான், ஆண், ஒன்று. இடம், வீட்டுத் தோட்டம். பார்த்தவர் என்ற இடத்தில் மருமகனின் பெயர்.

"நம்ம ஆஸ்பத்திரித் தோட்டத்துலயும் இதே மாதிரி ஒண்ணு வச்சுக் கொடுங்க பெரியவரே," என்றார் டாக்டரம்மா. "சும்மா ஒழுக விட்டா போதும்."

"நாப்பது வருஷம் ஒழுகறதை நிறுத்தத்தான் என்னைக் கூப்பிட்டாங்க. சரி, வைக்கலாம். உங்க வாஷ்பேசின் போர்டை எங்க வைக்கிறதா உத்தேசம்?"

டாக்டரம்மா அதைக் கேட்காததுபோல பைனாகுலரைத் துடைத்தார். "உங்களுக்கு இதைப் பாக்க சந்தோஷமா இல்லையா?"

"குளிக்க வந்தவனை ஆறு பேரு போர்வைக்குப் பின்னால ஒளிஞ்சு நின்னு பாக்கறீங்க. இதையே மனுஷன்கிட்ட பண்ணினா அதுக்கு வேற பேரு."

தபால்காரரின் மனைவி மட்டும் சிரித்தாள். மற்றவர்கள் பீரங்கியைச் சுற்றிக் கூடி, எடுத்த படங்களில் வால் முழுசாக விழுந்திருக்கிறதா என்று சண்டை போட ஆரம்பித்தார்கள். சட்டை நனைந்து ஒருவர் நிற்பது யார் கண்ணிலும் படவில்லை. மகள் துண்டை எடுத்துவந்து நீட்டினாள். முகத்தைத் துடைத்துக்கொண்டு, துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு வாசலுக்கு நடந்தார்.

"எங்கப்பா போறீங்க? டீ குடிக்கலையே."

"வெயில்ல நின்னு காயப் போறேன். அந்த நாடாவுக்குக் கொடி இருக்கு, எனக்குத் தெரு இருக்கு."

கொல்லையிலிருந்து கிரீச்சென்று மறுபடி ஒரு சத்தம் வந்தது. உள்ளே நாற்காலிகள் உருண்டன, யாரோ யாரையோ உஸ் என்றார்கள். குழாய்க்காரர் திரும்பவில்லை. வந்து குடித்துவிட்டு, குளித்துவிட்டு, ஒரு வார்த்தை சொல்லாமல் போகிற ஜென்மம். இதற்கு இத்தனை அமர்க்களம். மூன்று எண்ணிக்கைக்கு ஒரு சொட்டு என்பதே அதிகம், வெறும் ஊதாரித்தனம். அந்த உடம்புக்கு நாலு எண்ணிக்கைக்கு ஒன்று தாராளம் என்று முணுமுணுத்தபடி தெருவில் இறங்கி நடந்தார்.